ஸ்டெப்-அப்பா ஸ்டான்ஃபோர்டா, 2019ல நாங்க போட்ட கணக்கு

கலிஃபோர்னியா சான் ஹோசேல நான் சனிக்கிழமை கணக்கு சொல்லிக்குடுத்த ஹைஸ்கூல் பொண்ணு ஒருத்தி, மெக்சிகோலேர்ந்து வந்த குடும்பம், அம்மாவுக்கு வீடு க்ளீன் பண்ற வேலை, பாட்டிக்கு சுகர் முத்தி வாரம் மூணு நாள் டயாலிசிஸ். 2019 சம்மருக்கு எந்த மெடிக்கல் ரிசர்ச் ப்ரோக்ராம்னு ரெண்டு பேரும் உக்காந்து அலசினோம், இப்ப அவ தம்பிக்கும் அதே கேள்வி வந்திருக்கு.

நாம ஃபீஸ் கட்டி சேர்றதெல்லாம் பாக்கவே இல்ல. 1988லேர்ந்து நடக்குற ஸ்டான்ஃபோர்ட் மெடிக்கல் யூத் சயின்ஸ் ப்ரோக்ராம் வசதி இல்லாத பசங்களுக்குன்னே இருக்கு, அஞ்சு வாரம், ஃப்ரீ, நல்லதுதான், ஆனா இவளுக்கு லேப்லயே நிக்கணும்.

அப்ப மிச்சம் ரெண்டு. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியோட எஸ்ஐஎம்ஆர்ங்கிற சம்மர் ரிசர்ச் ப்ரோக்ராம் எட்டு வாரம், பேர் பெருசு, இடம் கெடைக்கிறது குதிரைக் கொம்பு. சுகர், கிட்னி வியாதிங்களுக்கான அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிறுவனம் என்ஐடிடிகே அப்ப நடத்தின ஸ்டெப்-அப்ல வீட்டுப் பக்கத்து லேப்லயே வேலை, கவர்மென்ட் ஸ்டைபண்ட் (உதவித்தொகை), சப்ஜெக்ட்டே அந்த மாதிரி வியாதிங்கதான்.

எங்களுக்கு முடிவு பண்ணினது காசுதாங்க. அவ டோனட் கடைல நிப்பா, அப்ப சான் ஹோசேல மினிமம் கூலி மணிக்கு 15 டாலர், வாரம் 30 மணி நேரம்னா எட்டு வாரத்துக்கு 3,600 டாலர், அது அந்த வீட்டு வாடகைக்குப் போற காசு, எஸ்ஐஎம்ஆர்ல நிச்சயம்னு சொன்ன ஸ்டைபண்ட் 500 டாலர் (கஷ்டப்படுற குடும்பம்னா கூட குடுப்பாங்க, ஆனாலும் எட்டாது), அதுக்கும் மேல சான் ஹோசே கிழக்குல இருக்குற ஈஸ்ட்ரிட்ஜ்ல 22ஆம் நம்பர் பஸ் ஏறி ஸ்டான்ஃபோர்ட் பக்கத்து பாலோ ஆல்டோ வரைக்கும் இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு தெனமும் போய்ட்டு வரணும். அதனால ஸ்டெப்-அப்ல சேந்தா. அதுவும் டோனட் கடைக்கு முழுசா ஈடு கட்டல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பஸ்ல மிச்சமான நேரத்துல சாயங்காலம் கடைக்கும் போனதால வீட்ல யாரும் முகம் சுளிக்கல.

மொதல் வாரம் முழுக்க பிபெட்ல (திரவத்த அளந்து எடுக்குற குழாய்) தண்ணி எடுத்து தராசுல வெச்சு எடை பாக்குறதுதான் வேலையாம், புலம்பித் தள்ளினா. ஆகஸ்ட்ல மேரிலாண்ட் பெதஸ்டால, என்ஐடிடிகேக்கு மேல் நிறுவனமான என்ஐஎச்ல, தன் ஆராய்ச்சிய போஸ்டரா வெச்சா, ஃப்ளைட் டிக்கெட் அவங்க செலவு. வந்ததும் பாட்டியோட லேப் ரிப்போர்ட்ட எடுத்து கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின்னா என்னன்னு அவங்களுக்கே ஸ்பானிஷ்ல விளக்கினா.

நான் பாத்தது இவ ஒருத்தி கதைதான், அதுவும் பழசு. கவர்மென்ட் ப்ரோக்ராம்ங்கிறதால இந்த வருஷம் நடக்குதா, யாரை எடுக்கிறாங்கன்னு மொதல்ல பாத்துக்கங்க. தம்பிக்கு கெமிஸ்ட்ரி பைத்தியம், அதனால ஏசிஎஸ்ங்கிற அமெரிக்க கெமிஸ்ட்ரி சங்கம் 1968லேர்ந்து ஏழைப் பசங்களுக்கு நடத்துற ப்ராஜெக்ட் சீடயும் லிஸ்ட்ல சேத்திருக்கோம், அதுல போய் வந்தவங்க யாராச்சும் இருந்தா பஸ் தூரம் எவ்ளோன்னு சொல்லுங்க.