ரோட்டாஹேலரா, நெபுலைசரா, ஸ்பேசரா? கடலூரில் மூன்றையும் வைத்துப் பார்த்த பிறகு

பதினைந்து வயதில் என்னை விட்டுப் போன இளைப்பு, அதாவது ஆஸ்துமா, நாற்பத்தொன்றில் திரும்பி வந்தது. மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் பிடித்த சளி மூன்று வாரமாகியும் விடவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. சிறு வயதில் வந்தது போலத் தானாகப் போய்விடும் என்று இருந்தேன். போகவில்லை, ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. இத்தனை நாளில் மூன்று கருவிகள் என் கையில் இருந்திருக்கின்றன: பொடி மருந்து அடைத்த மாத்திரையைப் போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலர், மின்சாரத்தில் ஓடும் நெபுலைசர், இப்போது ஸ்பேசர் என்ற வெற்றுக் கூடு மாட்டிய பம்ப். என் சாய்வு மூன்றாவதன் பக்கம்தான். மற்ற இரண்டையும் ஏன் விட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில், எல்லோரும் கேட்பதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பம்ப் பிடித்தால் பழக்கமாகிவிடாது. ஒரு முறை அடித்தால் வருவது, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூடமால் 100 மைக்ரோகிராம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதைப்போல நாற்பது மடங்கு இருக்கிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை ஆடிய நாட்களில் எனக்கு இது தெரியாது. விலையில் ரோட்டாஹேலர் மலிவு, ஸ்பேசர் நடுத்தரம், நெபுலைசர் அதிகம். மூன்றில் எதை வாங்கினாலும் உள்ளே போகும் மருந்து சரியாக இருந்தால்தான் பலன். இழுப்பு வரும்போது மட்டும் சால்பியூடமால் எடுத்துவிட்டு மற்ற நாட்களில் சும்மா இருப்பது ஆபத்து. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் உறிஞ்ச வேண்டும். ஜினா என்ற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல், பெரியவர்களுக்குச் சால்பியூடமால் மட்டும் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. அந்த ஒன்றையே நம்பி நான் இரண்டு ஆண்டுகளைக் கழித்தேன். இளைப்பு முற்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் புதுச்சேரி டாக்டர் சொன்னார்.

இப்போது கருவிகள். ரோட்டாஹேலரில் நல்லது நிறைய இருக்கிறது. கைப்பையில் அடங்கும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூடு கண்ணாடி போல் இருப்பதால் மருந்து உள்ளே போனதா, அங்கேயே கிடக்கிறதா என்று பார்த்துவிடலாம். புட்டியில் எத்தனை மாத்திரை மிச்சம் என்பதும் தெரியும். இனி அதன் சிக்கல்கள்.

கடலூர்க் காற்றில் ஈரம் அதிகம். தேவனாம்பட்டினத்திலிருந்து அடிக்கும் உப்புக்காற்றில் தையல் ஊசியே துருப்பிடிக்கிறது. பொடி மருந்து தாங்குமா? ஜெலட்டின் மாத்திரை ஈரத்தில் இளகும், உள்ளே இருக்கும் பொடி கட்டிப்படும். இரவில் அவசரத்துக்கு ஆகும் என்று ஒரு மாத்திரையைக் கருவியில் போட்டுத் தலைமாட்டில் வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அது பெரிய தவறு. மூடிய புட்டியில்தான் மாத்திரை இருக்க வேண்டும், எடுத்தவுடன் உறிஞ்ச வேண்டும், கருவிக்குள் ஊதவும் கூடாது.

ஆனால் நான் அதை விட்டது ஈரத்தால் அல்ல. ஒரு போகி நாள். விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவில் பழைய பாயும் டயரும் எரிந்தன. ஜன்னலைச் சாத்துவதற்குள் புகை படுக்கை வரை வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து மாத்திரையைச் சதுரத் துளையில் வைத்து அழுத்தினேன், அடிப்பாகத்தைத் திருகினேன், மாத்திரை இரண்டாகப் பிரிந்து விழும் சின்னச் சத்தமும் கேட்டது. உதடு பொருத்தி இழுத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால், பாதி மாத்திரைக்குள் பொடி அப்படியே வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. மறுபடி இழுத்தேன், இருமல்தான் வந்தது. மூன்றாம் முறை இழுக்க என்னிடம் மூச்சே இல்லை.

என் முடிவுக்குக் காரணம் இதுதான்: மூச்சு இல்லாத நேரத்தில் இந்தக் கருவி மூச்சைக் கேட்கிறது. பொடி மருந்தைத் தூக்கி நுரையீரலுக்குள் கொண்டுபோவது நாம் வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்சும் காற்று மட்டுமே. நல்ல நாளில் அது சுலபம். குழாய்கள் சுருங்கி, இழுத்த காற்றை வெளியே விடவே திணறும் நேரத்தில் அந்த வேகத்துக்கு எங்கே போவது? எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். கடும் இழுப்பிலும் போதிய வேகத்தில் உறிஞ்சக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை என்பது அன்று தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு வாங்கியது நெபுலைசர். அது மூச்சைக் கேட்காது. முகமூடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா சுவாசித்தால் போதும். ஒரு வருடம் வைத்திருந்தேன். குழந்தைகளுக்கும், சொல்வதைக் கேட்டு மூச்சிழுக்க முடியாத முதியவர்களுக்கும் அது தேவைப்படலாம், ஆனால் அந்த அனுபவம் எனக்கு இல்லை. எனக்கு நேர்ந்த இரண்டு அனுபவங்களைச் சொல்கிறேன்.

ஒன்று ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. எங்கள் தெருவில் இரண்டு இரவு மின்சாரம் இல்லை. நனைந்த சுவரும் பூசணமும் சேர்ந்து இழுப்பைக் கிளப்பிவிட்டன, அலமாரியில் நெபுலைசர் பெட்டி கிடந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது கடலூர்க்காரர்களுக்கு மறக்காது. வாங்கும்போது அதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று அதைவிட மோசம். வீட்டில் நெபுலைசர் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு ராத்திரி மூன்று முறை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் தாங்கியது, பிறகு பழையபடி ஆனது. விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது என்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. “முதல் முறை வைத்து நான்கு மணி நேரம் கூடத் தாங்காதபோதே கிளம்பியிருக்க வேண்டும் அம்மா” என்றார் டாக்டர். கருவியின் குற்றம் அல்ல, ஆனால் அந்தப் பெரிய சத்தமும் புகையும் ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு நம்பிக்கையைத் தந்துவிடுகின்றன.

ஸ்பேசர் வாங்கப் போன கதையையும் சொல்ல வேண்டும். “அக்கா, குழந்தைக்கா?” என்று கேட்டார் மருந்துக்கடைத் தம்பி. எனக்குத்தான் என்றதும் அவர் நம்பவில்லை. பெரியவர்கள் இதை வாங்குவதே இல்லையாம். பம்பை நேராக வாயில் வைத்து அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடுகிறது. ஸ்பேசர் என்பது நடுவில் வைக்கும் ஒரு வெற்றுக் கூடு. அடித்த மருந்து அதில் வேகம் தணிந்து மிதக்கும், நாம் அதை நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் முடியாதவர் நான்கைந்து சாதாரண மூச்சில் எடுத்துக்கொள்ளலாம். போகி அன்று எனக்கு இல்லாதது இந்த அவகாசம்தான். உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்பில், ஸ்பேசர் வழியாகப் பல முறை அடிப்பது நெபுலைசருக்கு இணையாக வேலை செய்கிறது என்பதும் ஆய்வுகளில் நிலைபெற்ற விஷயம்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கடையில் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். இழுப்பு வந்தால் சால்பியூடமால் பம்பைக் குலுக்கி ஒரு முறை அடி, நான்கு மூச்சு இழு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறு. தணியாவிட்டால் மறுபடி நான்கு. அதற்கும் தணியாவிட்டால் 108. பேச முடியாமல் போனாலோ உதடு நீலம் பூத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே 108. இது எனக்கு எழுதியது. உங்களுடையதை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பும் உண்டு. மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் ஸ்பேசரை அலசித் தானாகக் காயவிட வேண்டும். முதல் மாதம் நல்ல பருத்தித் துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தேன். அப்படித் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, அடித்த மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று பிறகு தெரிந்தது. பம்பில் எத்தனை மிச்சம் என்பதும் வெளியே தெரியாது, குலுக்கிப் பார்த்தால் காலியான பம்பும் சத்தம் போடும். தினமும் எடுக்கும் என் ஸ்டீராய்டு பம்ப் 120 முறை வரும். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் முப்பது நாள். ஆரம்பித்த தேதியைப் பம்பின் மேல் பேனாவால் எழுதிவிடுகிறேன். ஸ்டீராய்டு மருந்து எடுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். ஈரக்காற்று பம்பை ஒன்றும் செய்வதில்லை, மருந்து உலோகக் குப்பிக்குள் அடைபட்டிருக்கிறது. ஒரே சங்கடம் கூட்டின் பருமன். கல்யாணத்துக்குப் போகும் சின்னக் கைப்பையில் அடங்காது. நான் பையை மாற்றிக்கொண்டேன்.

ஸ்பேசருக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. இரவில் எழுந்து உட்காரும் நாட்கள் அரிதாகிவிட்டன. முழுப் பெருமையையும் ஸ்பேசருக்குக் கொடுக்க முடியாது. தினசரி மருந்தை ஒழுங்காக எடுக்கத் தொடங்கியதும், மூக்கு ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்த்ததும், துணி வெட்டும்போது முகக்கவசம் போடுவதும் அதே சமயத்தில்தான் நடந்தன.

என் மாமியாருக்கும் இளைப்பு உண்டு. என்னைப் பார்த்து ஸ்பேசருக்கு மாறச் சம்மதித்தார். ஆனால் அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம். பம்பை அழுத்தக் கட்டைவிரல் வளையவில்லை. இரண்டு வாரம் ஒவ்வொரு வேளையும் நான்தான் அழுத்திவிட்டேன். பிறகு ஒரு நாள், “நீ கடைக்குப் போன பிறகு எனக்கு யாரம்மா அழுத்துவது?” என்றார். அத்தை இப்போது ரோட்டாஹேலரிலேயே இருக்கிறார். அவருடைய மாத்திரைப் புட்டியை இறுக்கி மூடி, சமையலறைப் பக்கமே வைக்காமல், பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.