மடிநோயின் முதல் சில மணி நேரம்: பால்வள வாரியத்தின் மரபுவழிக் கால்நடை மருத்துவக் கையேடு குறித்து ஒரு மதிப்பீடு

கறவை மாடு வளர்ப்போருக்காகத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் வெளியிட்டிருக்கும் மரபுவழிக் கால்நடை மருத்துவக் குறிப்புகள், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில், செய்முறைக் காணொளிகளுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. மடிநோய், கோமாரி, வயிறு உப்புசம், தோல் கழலை நோய் எனத் தொழுவத்தில் அடிக்கடி தலைகாட்டும் நோய்களுக்கு என்னென்ன பொருள்கள், எவ்வளவு, எப்படி அரைப்பது, எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் சுற்றிவளைக்காமல் சொல்லும் குறிப்புகள் இவை. மடிநோய்க்கான குறிப்பே இவற்றுள் மிக முக்கியமானது என்பது என் கருத்து. ஆகவே அதை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் பார்க்கிறேன்.

மடிநோய் கண்ட மாடு படும் வேதனையை நாம் பெரும்பாலும் பால் அளவைக் கொண்டே அறிகிறோம். மடியின் ஒரு பாகம் சிவந்து, சூடேறி, கல்லைப் போல் இறுகிவிடுகிறது. காம்பில் கை பட்டதும் மாடு உதைக்கிறது. தன் கன்றையே அண்ட விடாமல் விலகுகிறது. படுத்தால் மடி அழுந்தும் என்பதால் இரவெல்லாம் கால் மாற்றி நிற்கிறது. இதைக் குறும்பு என்று எண்ணிப் பின்னங்கால்களைக் கயிற்றால் கட்டிப் பால் கறக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அந்த உதை வலியால் வருகிறது என்று மாட்டுக்காரருக்குப் புரிய வைப்பதே விலங்கு நலக் கல்வியின் முதல் பாடமாக இருக்க வேண்டும். பிரிட்டனின் பண்ணை விலங்கு நல மன்றம் 1979இல் வகுத்த ஐந்து சுதந்திரங்களில் வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலை என்பதும் ஒன்று. நோயை வராமல் தடுப்பதாலோ, விரைவாகக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பதாலோ அதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அக்கோட்பாடு. ஒரே மருத்துவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருக்கும் நம் சூழலில் ‘விரைவாக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தடைபடுகிறது. இந்தக் குறிப்பு கைகொடுப்பதும் அங்கேதான்.

செய்முறை எளியது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். ஆரத்தி நீர் சிவப்பதும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கும் இதே வினையால்தான். மடியில் உள்ள பாலை முழுவதுமாகக் கறந்து நீக்கி, மடியைக் கழுவி, விழுதில் ஒரு பங்கை எடுத்துத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து மடி முழுவதும் பூச வேண்டும். இதை ஒரு நாளைக்கு 10 முறை, 5 நாள்களுக்குச் செய்ய வேண்டும். விழுதை அன்றன்று புதிதாக அரைத்துக்கொள்ள வேண்டும். பாலில் இரத்தம் கலந்து வந்தால் கறிவேப்பிலையை வெல்லத்துடன் அரைத்து உள்ளுக்கும் கொடுக்கச் சொல்கிறது குறிப்பு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பே போதுமானது. ஆனால் அதைக் கண்ணளவாகப் போடாமல் நிறுத்தே சேர்க்க வேண்டும், ஏனெனில் காரம் மிஞ்சினால் ஏற்கெனவே நொந்திருக்கும் காம்புத் தோல் மேலும் புண்ணாகும்.

ஒரு நாளைக்கு 10 முறை என்பதைக் கேட்டதும் பலர் மலைக்கிறார்கள். எனக்கோ இக்குறிப்பின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்று தோன்றுகிறது. ஊசி போட்டுவிட்டால் மறுநாள் வரை மாட்டின் பக்கம் போகாமலிருக்கும் வீட்டார், இங்கே மணிக்கொரு முறை அதன் மடியைத் தொட வேண்டியிருக்கிறது. சூடு தணிகிறதா, வீக்கம் இளகுகிறதா, பால் திரிந்து வருகிறதா, மாடு அசை போடுகிறதா என்பதெல்லாம் அப்போது தாமாகவே கண்ணில் படுகின்றன. ஐந்தாம் நாள் முடிவில் மாட்டுக்குக் கிடைத்த ஆறுதலுடன், நோயைத் தொடக்கத்திலேயே இனங்காணும் பழக்கமும் வீட்டாருக்கு வந்துவிடுகிறது. இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது என்பதை மறைக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால்தான் ஐந்து நாளும் தடையின்றி நடக்கும்.

நான் பார்த்த அளவில், வீக்கம் தெரிந்த அன்றே பூசத் தொடங்கிய மாடுகளுக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. மடி இறுகிப் பல நாள் கழித்துத் தொடங்கியவற்றுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. காய்ச்சல் அடித்தாலோ, தீவனம் தொடாமல் படுத்துவிட்டாலோ, காம்பிலிருந்து வெறும் நீர் போல் வடிந்தாலோ, விழுதை மட்டும் நம்பியிருப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. அப்போது மருத்துவர் தர வேண்டிய ஆன்டிபயாடிக்கை மூலிகையின் பெயரால் மறுக்கக் கூடாது.

இக்குறிப்புகள் உருவான விதத்தையும் பாராட்ட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர்ப் பிரிவில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, மாட்டுக்காரர்களிடம் வழங்கிவந்த கைமருத்துவ முறைகளை அளவும் செய்முறையும் உள்ள குறிப்புகளாக ஒழுங்குபடுத்தினார். பெங்களூருவிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் பால்வள வாரியமும் அதில் இணைந்த பிறகு அவை பால் கூட்டுறவு ஒன்றியங்கள் வழியாக நாடெங்கும் சென்றன. ஆன்டிபயாடிக் எச்சம் பாலில் கலப்பதும், அம்மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுவதும் ஒன்றியங்களுக்குக் கவலை. ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள்கள் ஊற்ற முடியாமல் போவது மாட்டுக்காரருக்குக் கவலை. வலி நீங்க வேண்டும் என்பது மாட்டின் தேவை. இம்மூன்றும் ஒரே வழியில் சேர்ந்ததால்தான் இம்முயற்சி இவ்வளவு தூரம் பரவியது என்று கருதுகிறேன்.

மற்றக் குறிப்புகளில் கோமாரிக்கானது பயனுள்ளது. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து வாய்ப் புண்ணில் தடவும்போது, தீவனம் மெல்ல முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும் மாட்டுக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆயினும் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிட்டவருக்கு இது ஈடாகாது. தோல் கழலை நோய்க்கு வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்துக் கொடுக்கும் முறையையும் ஆதரவு மருத்துவமாகவே கொள்ள வேண்டும். காம்பு அடைப்புக்கு மஞ்சளும் வெண்ணெயும் பூசிய வேப்பிலைக் காம்பைக் காம்புத் துளையில் செலுத்தும் முறையை, நேரில் பார்த்துப் பழகாதவர்கள் முயல வேண்டாம் என்றே சொல்வேன். அழுக்குக் கையால் செய்தால் அதுவே அடுத்த மடிநோய்க்கு வழியாகிவிடும்.

கையேட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது மட்டும் கல்வி ஆகாது. காலையில் பால் ஊற்ற வரும் நேரத்தில் சங்கத்து வாசலிலேயே ஒரு மிக்சியை வைத்து விழுது அரைத்துக் காட்டினால் எல்லாருக்கும் ஒரு தடவையிலேயே பிடிபடுகிறது. அப்போதே வருமுன் காக்கும் வழிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தரை ஈரமின்றி இருக்க வேண்டும், கறப்பவர் கை கழுவ வேண்டும், நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்தவுடன் தீவனம் போட்டு மாட்டைச் சிறிது நேரம் நிற்க வைக்க வேண்டும், ஏனெனில் காம்புத் துளை மூடிக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும்.

கறவை மாடு உள்ள ஒவ்வொரு வீட்டிலும் மடிநோய்க் குறிப்பு இருக்க வேண்டும் என்று தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அதைத் தொழுவத்திலேயே, ஈரம் படாத உயரத்தில், கறப்பவர் கண்ணில் படும்படி ஒட்டி வைத்து, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்ற எண்ணையும் அதன் மேலே பெரிதாக எழுதிவிடுங்கள்.