பிங்கஸ் ஜெப ஆலயம், பிராக்: சுவரில் ஒரு பெயரைத் தேடி

செக் நாட்டுத் தலைநகர் பிராகின் யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிங்கஸ் ஜெப ஆலயத்துக்கு, உடன் வேலை செய்யும் தோழி ஒருவருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். அவருடைய பாட்டியின் அக்கா பில்சன் நகரில் வாழ்ந்தவர். 1942 ஜனவரியில் அவ்வூர் யூதர்களோடு, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து கிழக்கே இருந்த கொலைக்களங்களை நோக்கி ரயிலேற்றப்பட்டவர். அவருக்குக் கல்லறை கிடையாது. நாஜிகளால் கொல்லப்பட்ட, இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் இந்த ஆலயத்தின் உட்சுவர்களில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன என்பதால்தான் தோழி இவ்வளவு தூரம் வந்தார்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஏதோ சாம்பல் நிறப் பூச்சு இருப்பதாகவே தோன்றுகிறது. அருகில் போனால்தான் அத்தனையும் எழுத்து என்பது புரிகிறது. ஊர் ஊராகப் பிரித்து, குடும்பப் பெயரைச் சிவப்பிலும், அக்குடும்பத்தாரின் பெயர்களையும் தேதிகளையும் கறுப்பிலும், இடைவெளியே விடாமல் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். பில்சனைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. தோழி தேடிய பெயர் அவர் தலைக்குச் சற்று மேலே இருந்தது. குதிகாலை உயர்த்தி நின்று, உதடு அசைய, மூன்று முறை வாசித்தார்.

பெயருக்குப் பின்னால் இரண்டு தேதிகள் உள்ளன. முதலாவது பிறந்த நாள். இரண்டாவதை இறந்த நாள் என்றே நான் எண்ணியிருந்தேன். பெரும்பாலானோர் விஷயத்தில் அது உயிரோடு இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த நாள், அதாவது ரயிலேற்றப்பட்ட நாள், என்று தோழி விளக்கினார். இறந்தவரின் நாளில் ஆண்டுதோறும் விளக்கேற்றுவது யூதர்களின் வழக்கம். திதி தெரியாமல் போவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய குறை என்பதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோழியின் வீட்டில் இந்தச் சுவரில் உள்ள தேதியில்தான் விளக்கேற்றுகிறார்கள்.

1954 முதல் 1959 வரை இரண்டு ஓவியர்கள் முன்னின்று எழுதிய பெயர்கள் இவை. நிலத்தடி நீர் சுவரில் ஏறியதால் 1968இல் ஆலயம் மூடப்பட்டது. கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு, 1992 முதல் 1996 வரை, எல்லாப் பெயர்களையும் மறுபடி எழுதினார்கள். அந்த உழைப்பை நான் மனமார வணங்குகிறேன்.

குறை என்றால் கூட்டம்தான். பதினொரு மணிக்கு ஒரு தனியார் சுற்றுலாக் குழு வந்தது. வழிகாட்டி உரத்த குரலில் நான்கு வாக்கியம் பேசிவிட்டு, ஐந்தே நிமிடத்தில் அனைவரையும் வெளியே அழைத்துச் சென்றார். சுவரருகே கண்கலங்கி நின்ற தோழியை இருவர் தோளால் இடித்துக்கொண்டு போனது எனக்கு இன்றும் ஆறவில்லை. சொந்தக்காரரைத் தேடி வருபவர்கள் கதவு திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுவது நல்லது; ஊர், குடும்பப் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் தாளில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

மாடியில் டெரெசின் முகாமில் சிறுவர்கள் வரைந்த படங்கள் உள்ளன. அவர்களுக்கு ஓவியம் கற்பித்த பிரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ், 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படுவதற்கு முன்பு, ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்த குழந்தையின் பெயர் இருக்கிறது. அங்கே தோழியால் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

நுழைவுச்சீட்டிலேயே பக்கத்திலுள்ள பழைய யூதக் கல்லறைத் தோட்டமும் அடங்கும். சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் விடுமுறை. இறந்தவரின் நினைவாகக் கல்லறையில் கல் வைப்பது யூதர்களின் வழக்கம்; வந்தவர்கள் வைத்துப்போன கூழாங்கற்கள் கல்லறைகளின் மேல் கிடந்தன. தோழியும் ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவந்திருந்தார். அதைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. திரும்ப உள்ளே போய், பில்சன் என்று எழுதிய சுவருக்கு நேர் கீழே, தரையோரமாக வைத்துவிட்டு வந்தார்.