கால்வாய்க்கரைக் குழந்தைக்கு ஓர் உயிர்காப்புச் சட்டை

கால்வாய்க்கரையில் வளர்ந்தவர்களிடம் மூழ்கிப்போன ஒரு குழந்தையின் நினைவு பெரும்பாலும் இருக்கும். மதகைக் கடக்கும்போது எங்கள் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்த அச்சமே ஆறு வயது மகளுக்கு 100 நியூட்டன் வகையைச் சேர்ந்த (நியூட்டன் என்பது மிதக்கவைக்கும் விசையின் அலகு) இந்த உயிர்காப்புச் சட்டையை வாங்க வைத்தது.

50 நியூட்டன் வகை, நீந்தத் தெரிந்தவர்கள் கரையருகே அணியும் மிதவைத் துணை மட்டுமே. 100 நியூட்டன் வகையோ, அமைதியான நீரில் குப்புற விழுந்தவரை மல்லாக்கத் திருப்பி, கழுத்துப் பட்டையால் முகத்தை நீருக்கு மேலே தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. இடுப்பளவு நீரில் அவளருகே நின்று சோதித்தபோது, சட்டை அவளை உடனே திருப்பிவிட்டது. தொடையிடைப் பட்டையை மாட்டாவிட்டால் சட்டை தலைவழியே நழுவக்கூடும் என்பதால், அதன் கொக்கி சிறு விரல்களுக்குக் கழற்றக் கடினமாக இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. கழுத்தோரத் தையல் தோலை உராய்வதும், ஊதல் இணைக்கப்படாததும் உண்மையான குறைகள்.

இச்சட்டை மிதக்க வைக்குமே தவிர, பாசி படர்ந்த சரிவான சிமென்ட் கரையில் ஏற்றிவிடாது, மதகை நோக்கி இழுக்கும் நீரோட்டத்தையும் தடுக்காது. அதனால் இதை அணிந்திருந்தாலும் அவளைக் கால்வாய்க்குத் தனியே அனுப்புவதில்லை.