பிடித்துவந்து விடுவதா, அடைப்பில் பெருக்கி விடுவதா?

பிராங்ஹார்னை (மான் என்றே அழைத்தாலும், இது தனிக் குடும்பத்தில் எஞ்சிய ஒரே இனம்) பழைய வாழிடத்தில் மீண்டும் நிலைநிறுத்த அமெரிக்காவில் இரு வழிகள் கையாளப்பட்டுள்ளன. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கமா பழங்குடியினர் 2011-இல் நெவாடாவிலிருந்து 99 விலங்குகளைக் கொணர்ந்து தம் நிலத்தில் நேரே விட்டனர். 2016-இல் கோல்வில் பழங்குடியினரும் 52 விலங்குகளுடன் அவ்வாறே செய்தனர். இம்முறை விரைவானது, ஆயினும், துரத்திப் பிடிக்கும்போது ஏற்படும் தசைச் சிதைவால் சில பின்னர் இறக்கக்கூடும்.

அரிசோனாவின் சோனோரா பாலைவனத்திலோ, பெருமளவில் பிடித்துவந்து விடும் அளவுக்கு விலங்குகள் இல்லை. 2002-இன் கடும் வறட்சியில் அமெரிக்கப் பகுதியிலிருந்த சோனோரா துணையினம் ஏறத்தாழ 21 ஆகச் சுருங்கியதாலும், பிற துணையினத்தைக் கொண்டுவந்தால் அதன் தனித்தன்மை கெடும் என்பதாலும், கபேசா பிரியேட்டா காப்பகத்தில் பெரிய அடைப்பு அமைத்து, நீரும் தீவனமும் அளித்து, அங்குப் பிறந்தவற்றை வெளியே விட்டனர். செலவு மிக்கது, மெதுவானது. ஆனால் குட்டிகள் வறட்சியிலிருந்தும், கொயோட்டி எனும் ஓநாய் போன்ற வேட்டை விலங்குகளிடமிருந்தும் தப்புகின்றன.

கூட்டம் பெரிதாக உள்ள இடத்தில் முதல் வழியே போதும் என்பது என் கருத்து. எவ்வழியாயினும், வேலியைத் தாண்டாமல் அடியில் நுழையும் இவ்விலங்குக்காக மேய்ச்சல் நிலங்களின் கீழ்க்கம்பியை உயர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது.