நேப்பிள்ஸ் துறைமுக வாசலில் "இன்று ரயில் ஓடாது" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்

மத்தியதரைக் கடல் குரூஸ் போகிற கப்பல்கள் நிறைய இத்தாலியின் நேப்பிள்ஸில் ஒரு பகல் நிற்கும். அப்பா, அம்மா, தம்பியோடு நான் போன கப்பலும் நின்றது. அங்கே ஒரு வேன்காரர் எங்களிடம் நடந்துகொண்டதை விவரமாக எழுதுகிறேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். அவர் எங்களிடம் வந்ததே அப்பாவின் கைத்தடியைப் பார்த்துத்தான்.

முதலில் ஊரின் அமைப்பு. கப்பல் நிற்கும் ஸ்டாசியோனே மாரித்திமா முனையம் ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. வெளியே வந்தால் எதிரிலேயே உருண்டைக் கோபுரங்களோடு காஸ்தெல் நுவோவோ கோட்டை. அதற்குப் பின்னால் ஊர் அப்படியே மேடேறுகிறது. அண்ணாந்து பார்த்தால் வோமேரோ குன்றின் மேல் சாந்தெல்மோ கோட்டையும் அதன் அருகில் சான் மார்த்தினோ என்கிற பழைய துறவியர் மடமும் தெரியும். அந்தக் குன்றுக்கு ஏற ஃபுனிகுலர் இருக்கிறது. பழநியில் விஞ்ச் என்போமே, அதேதான். ஆனால் இங்கே அது ஊர்மக்கள் வேலைக்கும் கடைக்கும் போய்வருகிற தினசரி வண்டி. தொலேதோ தெருவில், உம்பெர்த்தோ கேலரி என்கிற கடை வளாகத்துக்கு எதிரில் உள்ள அவுகுஸ்தேயோ நிலையத்தில் ஏறினால் மேலே ஃபூகா சதுக்கத்தில் இறக்கிவிடும். 1928இல் தொடங்கிய தடம். துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம்தான், டிக்கெட்டும் உள்ளூர் பஸ் டிக்கெட் மாதிரி மலிவு.

எங்கள் திட்டமும் அதுதான். அம்மாவுக்கு சான் மார்த்தினோ மடத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இயேசு பிறப்பைக் காட்டும் பெரிய பொம்மைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. சந்தைக்காரர்கள், இடையர்கள், ஆடுமாடுகள் என்று நேப்பிள்ஸ் கைவினைஞர்கள் செய்த பொம்மைகள். வருடம் தவறாமல் கொலு வைக்கிற அம்மா அதைப் பற்றிப் படித்ததிலிருந்து அதே பேச்சாக இருந்தார்.

முனையத்தை விட்டு வெளியே வந்ததும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் நேராக அப்பாவிடம் வந்தார். "ஃபுனிகுலர் இன்று இல்லை. ஸ்ட்ரைக். மேலே படிக்கட்டுதான், ஐயாவால் முடியாது" என்றார். அவருடைய வேனில் கோட்டை, மடம், பழைய ஊர் எல்லாம் சுற்றிக் காட்டி மூன்று மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாராம். 80 யூரோ. "எல்லாருக்கும் சேர்த்தா?" என்று தம்பி கேட்டான். "ஆமாம், எல்லாம் சேர்த்து" என்றார். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கிற விஷயம் என்பதால் அவர் சொன்னது நம்பும்படியாகவும் இருந்தது.

வேன் முதலில் போய் நின்றது ஒரு நகைக் கடையில். பக்கத்தில் உள்ள தோர்ரே தெல் கிரெக்கோ ஊர், சிப்பியில் உருவம் செதுக்கும் கேமியோ வேலைக்கும் பவளத்துக்கும் பேர்போனது. "செதுக்குவதைச் சும்மா பாருங்கள்" என்று உள்ளே அனுப்பினார். செதுக்குகிறவர் ஒருவரும் இல்லை, விற்கிறவர்கள்தான் இருந்தார்கள். நாங்கள் வெளியே வந்தபோது ஓட்டுநரைக் காணோம். அவர் வந்து சேர்வதற்குள் பகலில் பெரும்பகுதி போய்விட்டது.

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நேரம் இல்லை, கப்பல் போய்விடும்." கோட்டைக்குக் கீழே ஒரு வளைவில் நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். மடத்து வாசலில் நிறுத்தவே இல்லை. அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். திரும்பி வரும்போது வேன் ஃபூகா சதுக்கத்தைத் தாண்டியது. ஃபுனிகுலர் நிலையத்தின் வாசலிலிருந்து காய்கறிப் பையும் பள்ளிக்கூடப் பையுமாகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஸ்ட்ரைக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

துறைமுகத்துக்குச் சற்று முன்பே வண்டியை ஓரங்கட்டினார். "ஆளுக்கு 80. மொத்தம் 320." தம்பி கார்டை நீட்டினான். அவர் ஒரு மெஷினை எடுத்து, இருண்டு கிடந்த திரையைக் காட்டி, ரிப்பேர் என்றார். அப்பாவின் கைத்தடி டிக்கியில் இருந்தது. பணம் கைக்கு வந்தால்தான் டிக்கியைத் திறப்பேன் என்று சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அப்பா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துவிட்டு, 112க்குப் போன் போடுவதாக தம்பி சொன்ன பிறகு தொகை 200க்கு இறங்கியது. அப்பாவை அதற்கு மேல் நிற்கவைக்க முடியாமல் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சரி, போகிறவர்களுக்கு உதவுகிற விவரங்கள். நேப்பிள்ஸின் முறையான டாக்ஸி வெள்ளை நிறம். கதவில் நகராட்சிச் சின்னமும் எண்ணும் இருக்கும். மற்ற வேன், கார்கள் முன்பதிவின் பேரில் வர வேண்டியவை. ரோட்டில் நின்று ஆள் பிடிக்க அவற்றுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படியே அனுமதி கிடையாது. டாக்ஸியில் முக்கியமான இடங்களுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் உண்டு, பட்டியலும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்னால் நீங்களாக அதைக் கேட்க வேண்டும்: "தரிஃபா பிரெதெர்மினாத்தா." கேட்காமல் உட்கார்ந்தால் மீட்டர்தான், அப்புறம் லக்கேஜுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று கூடுதல் சேரும். எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், "மொத்தம்" என்பதையும் சேர்த்து.

கார்டு மெஷின் ரிப்பேர் என்கிற பேச்சுக்கு மசியாதீர்கள். கார்டை மறுக்கிற வியாபாரிக்கு, டாக்ஸி உட்பட, 2022 ஜூன் 30 முதல் இத்தாலியில் அபராதம் உண்டு. கைத்தடி, மடக்கு நாற்காலி, மருந்துப் பை இவற்றை எக்காரணம் கொண்டும் டிக்கியில் வைக்க விடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும்.

வேலைநிறுத்தம் உண்மையாகவே இருந்தால் முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள். கப்பலை விட்டு இறங்கும் முன்பு வரவேற்பு மேசையில் கேளுங்கள். இல்லையென்றால் வாசலில் யாரோடும் பேசாமல் நேராக அவுகுஸ்தேயோ நிலையத்துக்கே போய்ப் பாருங்கள். அது மூடியிருந்தாலும் மோந்தெசாந்தோவிலிருந்து அதே குன்றுக்கு வேறொரு ஃபுனிகுலர் இருக்கிறது. எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய ரோமானிய ஊரான பொம்பெய் போகிறவர்கள் கரிபால்டி நிலையத்தில் சிர்கும்வெசுவியானா ரயில் ஏறி, "பொம்பெய் ஸ்காவி" என்று பெயர் போட்ட நிலையத்தில் இறங்குங்கள். இடிபாடுகளின் நுழைவாயில் எதிரிலேயே இருக்கும்.

வேனின் நம்பர் பிளேட் போட்டோவோடு நேப்பிள்ஸ் நகரக் காவல்துறைக்கும் எங்கள் கப்பல் நிறுவனத்துக்கும் புகார் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.