ட்ரோம்சோவில் வடதுருவ ஒளி: எட்டுப் பேர் செல்லும் வான் (van) சேவை எப்படி இருந்தது

இரவு வானத்தில் தோன்றும் வடதுருவ ஒளியை (அரோராவை) பார்க்க நோர்வேயின் வடக்கே உள்ள ட்ரோம்சோவுக்குப் போகிறவர்கள் பணத்தை எதில் செலவழிக்கலாம் என்று என்னைக் கேட்டால், நல்ல விடுதி அறையிலும் அல்ல, கப்பலில் இராச்சாப்பாட்டோடு தரும் சுற்றுலாவிலும் அல்ல, முகில் இல்லாத இடத்தைத் தேடி இரவோடிரவாக முந்நூறு கிலோமீற்றர் ஓடத் தயாராக இருக்கும் ஒரு சிறிய வான் வண்டியில் என்றே சொல்வேன். கடந்த பெப்ரவரி நடுப்பகுதியில் மூன்று இரவுகள் அங்கே தங்கி, ஓர் இரவு பெரிய பேருந்திலும், மறு இரவு எட்டுப் பேர் மட்டும் செல்லும் வானிலும், கடைசி இரவு யாருடைய துணையும் இல்லாமலும் ஒளியைத் தேடிய பிறகு எழுதுகிறேன். இவ்வகை வான்களை நடத்துவோர் ட்ரோம்சோவில் பலர் இருக்கிறார்கள். ஆகவே நிறுவனத்தின் பெயரை விட, அந்தச் சேவையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

ஒஸ்லோவிலிருந்து மூவர் போனோம்: நான், அறுபத்தெட்டு வயதான அம்மா, அவருடைய தம்பியான என் மாமா. 1980களில் நோர்வேக்கு வந்த ஈழத்தமிழர் பலரைப் போல மாமாவும் முதலில் போய்ச் சேர்ந்தது வடகோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலை ஒன்றுக்குத்தான். 1987 முதல் மூன்று குளிர்காலம் அங்கே கொட் மீன் வெட்டியவர். "அப்ப தினமும் பாத்திருப்பீங்களே மாமா" என்று கேட்டபோது, "வேலை முடிஞ்சு வரேக்க மேல ஆர் பாத்தது, ஐஸ் வழுக்கும் எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் வீட்டை வருவம்" என்றார். இந்தப் பயணத்தை நான் திட்டமிட்டதற்கு அந்த ஒரு பதிலே காரணம்.

திட்டமிடும்போது முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, ட்ரோம்சோவில் தட்டுப்பாடு ஒளிக்கு அல்ல, தெளிந்த வானத்துக்கு என்பதைத்தான். அந்நகரம் ஏறத்தாழ 69.6 பாகை வடக்கில், பூமியின் காந்த முனையைச் சுற்றி வளையமாக ஒளி தோன்றும் பகுதிக்கு நேர் கீழே இருக்கிறது. பூமியின் காந்தப் புலத்தில் ஏற்படும் குழப்பத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கே.பி. சுட்டெண் 1 அல்லது 2 ஆக இருக்கும் இரவுகளிலும் அங்கே ஒளி தெரியும். ஒஸ்லோவில் அதைப் பார்க்க வேண்டுமானால் அந்த எண் மிகவும் உயர வேண்டும். ஆனால் ட்ரோம்சோ அத்திலாந்திக்கின் ஈரக்காற்று மோதும் கரையில் இருக்கிறது. வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தின் தயவால் குளிர் அங்கே கடுமையாக இல்லை. அதே கடலின் ஈரம் நாட்கணக்காக முகிலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கரையோர மலைகளைத் தாண்டி உள்நாட்டுக்கு, பின்லாந்து எல்லைப் பக்கமாகப் போனால் அந்த ஈரம் மலைகளிலேயே இறங்கிவிடுவதால் வானம் வரண்டு தெளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ட்ரோம்சோப் பல்கலைக்கழகத்தின் அவதான நிலையம் ஷிபொட்ன் பள்ளத்தாக்கில் அமைந்ததும் அந்தத் தெளிந்த வானத்துக்காகத்தான். எனவே நாம் காசு கொடுப்பது ஒளிக்கு அல்ல, முகிலின் ஓட்டையைக் கண்டுபிடித்து அங்கே கொண்டுபோய் விடும் ஆளுக்கு. இதை நான் முதல் இரவிலேயே நட்டப்பட்டுத்தான் படித்தேன்.

முதல் இரவுக்கு, மலிவு என்ற காரணத்தால், ஐம்பது பேர் ஏறும் பேருந்தில் ஒருவருக்கு 1,050 நோர்வே குரோனர் கொடுத்து இடம் எடுத்திருந்தேன். பேருந்து மேற்கே க்வாலொயா தீவுக்குப் போய், வழக்கமாக நிறுத்துகிற ஒரு கடற்கரைத் தரிப்பிடத்தில் நின்றது. மேலே அடை முகில். நோர்வே வானிலை நிறுவனமும் என்.ஆர்.கே. ஒலிபரப்பும் சேர்ந்து நடத்தும் 'யிர்' செயலியில் கிழக்கே உள்நாடு முழுவதும் தெளிவாக இருந்ததைக் கையில் வைத்துக்கொண்டே, நாங்கள் இரண்டரை மணி நேரம் அந்த முகிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இடத்தை மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, அன்றைய பாதை முன்கூட்டியே முடிவானது என்று பதில் வந்தது. ஒளி தெரியாவிட்டால் மறுமுறை பாதிக் கட்டணம் என்பதே அவர்களுடைய உத்தரவாதம். மூன்றே நாள் தங்குகிறவருக்கு அதனால் என்ன பயன்? அந்த இரவில் அம்மா பேருந்தை விட்டு இறங்கவே இல்லை. இயற்கையை யாரும் கட்டுப்படுத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். என் குறை முகிலைப் பற்றியது அல்ல, முகிலைத் தாண்டிப் போக முயலாததைப் பற்றியது.

மறுநாள் வான் சேவை தொடங்கியதே வேறு விதமாக இருந்தது. ஒருவருக்கு 1,750 குரோனர். பிற்பகல் மூன்று மணிக்கு வழிகாட்டி தானே தொலைபேசியில் அழைத்து, கரையோரம் முழுவதும் மூடியிருக்கிறது, எல்லை வரை போக வேண்டி வரும், கடவுச்சீட்டுகளை எடுத்து வாருங்கள் என்றார். பிறகு மூவரின் சப்பாத்து அளவையும் கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் நோவு என்று சொன்னதும், வானில் ஏறும் படிக்குக் கீழே வைக்க ஒரு சிறு பலகைப்படி கொண்டுவருவதாகச் சொன்னார். சொன்னபடியே கொண்டும் வந்தார்.

மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஈ-8 நெடுஞ்சாலையில் ஓடினோம். வழியில் மூன்று முறை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, வழிகாட்டி இறங்கி மேலே பார்த்துவிட்டு, கைபேசியில் செய்மதிப் படத்தை எங்களுக்கும் காட்டி, ஏன் இன்னும் போக வேண்டும் என்று விளக்கினார். நான் இந்தச் சேவைக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்த மூன்று நிறுத்தங்களுக்கே உரியது. நகரத்தில் கழித்தல் 4 பாகையாக இருந்த வெப்பநிலை, ஷிபொட்ன் பள்ளத்தாக்கில் ஏறியபோது கழித்தல் 19 ஆகிவிட்டது. அங்கே அவர் தந்த உடுப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உடலை முழுதாக மூடும் ஒரே துண்டு உடுப்பு, கம்பளி உள்ளுறை வைத்த உயரமான சப்பாத்து, விரல்கள் பிரியாத தடித்த கையுறை ஆகிய மூன்றும் சரியான அளவில் இருந்தன. சப்பாத்து இறுக்கமாக இருந்தால் காலில் இரத்தம் ஓடாமல் விறைத்துவிடும் என்பதால் ஒரு அளவு பெரிதாகவே தந்தார். பெரிய பேருந்தில் இந்த உடுப்புக்குத் தனிக் கட்டணம் என்பதையும் கணக்கில் எடுத்தால், விலை வித்தியாசம் பார்வைக்குத் தெரிவது போல அவ்வளவு இல்லை.

இரவு ஒன்பதரை மணியளவில் எல்லைக்கு அண்மையில், காற்றே இல்லாத ஒரு வெளியில் நின்றோம். வடக்கே மலைக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட பட்டை கிடந்தது. "பிள்ளை, இது முகில் எல்லோ?" என்றார் அம்மா. வழிகாட்டி முக்காலியில் இருந்த புகைப்படக் கருவியை நான்கு செக்கன் திறந்து வைத்துக் காட்டியபோது அதே பட்டை திரையில் பச்சையாக இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுவதுதான் காரணம். படங்களில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் நல்ல ஒளியையே முகில் என்று எண்ணி வண்டிக்குள் திரும்பிவிடுவார்கள்.

பத்தே முக்காலுக்கு அந்தப் பட்டையின் கீழ் விளிம்பு இறுகி, கிழக்கிலிருந்து மேற்காக ஓடத் தொடங்கியது. அதன் பிறகு கருவி தேவைப்படவில்லை. பச்சை எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் கதிராக விரிந்தது. விளிம்பில் சில கணம் இளஞ்சிவப்பு ஓடி மறைந்தது. பனியில் நின்றவர்களின் நிழல் தெரிந்தது. எந்தச் சத்தமும் இல்லை. யாராவது கால் மாற்றி நின்றால் சப்பாத்தின் கீழே பனி நெரிபடும் சத்தம் மட்டும். மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி, முழுப் பதினைந்து நிமிடமும் நிலத்தைப் பார்க்கவே இல்லை.

பிறகு நெருப்பைச் சுற்றி மரக்குற்றிகளில் கலைமான் தோல் விரித்து உட்கார்ந்தபோது வழிகாட்டி தந்த விளக்கம், அந்தச் சேவையின் இன்னொரு சிறப்பு. பச்சையும் சிவப்பும் ஒரே ஒட்சிசன் அணுவிலிருந்தே வருகின்றன. பச்சையை விடுவிக்க அணுவுக்கு ஒரு செக்கன் கூடத் தேவையில்லை. சிவப்புக்கோ இரண்டு நிமிடம் அளவு வேண்டும். நூறு கிலோமீற்றர் உயரத்தில் அதற்குள் வேறு அணுவோடு மோதிச் சக்தியை இழந்துவிடும் என்பதால், காற்று மிக ஐதாக உள்ள இருநூறு கிலோமீற்றருக்கு மேலேதான் சிவப்பு பிறக்கிறது. சொல்லிவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்து செல்லுபடியாகாத பழைய 200 குரோனர் தாள் ஒன்றை எடுத்தார். அதில் இருப்பவர் நோர்வே விஞ்ஞானி கிறிஸ்தியான் பிர்க்கலான். வெற்றிடப் பெட்டிக்குள் காந்தக் கோளம் ஒன்றை வைத்து மின் துகள்களைப் பாய்ச்சி, இந்த ஒளியைச் செயற்கையாகத் தோற்றுவித்துக் காட்டியவர். அந்தத் தாளை ஆண்டுக்கணக்கில் கையாண்டும் அவர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 2017இல் வந்த புதிய 200 குரோனர் தாளில் அவருடைய இடத்தில் கொட் மீன் இருக்கிறது. மாமா இரண்டு தாளையும் நெருப்பு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறைகளும் உண்டு. கழிப்பறை, வழியில் உள்ள எண்ணெய் நிலையத்தை விட்டால் வேறெங்கும் இல்லை. முதியவர்களோடு போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். விடுதிக்குத் திரும்பியபோது அதிகாலை இரண்டரை மணி, ஆகவே சிறு பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடான மீன் சூப் நன்றாக இருந்தது. ஆனால் மரக்கறி மட்டும் உண்பவருக்கு என்று தந்த பைக்கற்றுச் சாப்பாடு உப்பு மிகுந்து சாப்பிட முடியாததாக இருந்தது. இரண்டு நாளில் அனுப்புவதாகச் சொன்ன படங்கள் ஒன்பதாம் நாள்தான் வந்தன, எனினும் அம்மாவும் மாமாவும் அருகருகே நிற்கும் படம் மிகத் துல்லியமாக இருந்தது.

மூன்றாம் இரவு எதிர்பாராமல் நகரத்தின் மேலேயே வானம் திறந்தது. நகரம் அமைந்த தீவின் உச்சியில் உள்ள ப்ரெஸ்ட்வான் ஏரிக்கு நடந்துபோய், ஒரு குரோனரும் செலவில்லாமல் அரை மணி நேரம் பார்த்தோம். இதனால் என் யோசனை இது: குறைந்தது மூன்று இரவு தங்குங்கள், முதல் இரவுக்கே வானை எடுங்கள், முகிலைப் பார்த்துப் பயண நாளை மாற்ற விடுவார்களா, எல்லை வரை போவார்களா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மீதி இரவுகள் கைவசம் இருக்கட்டும். நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. பகலில் மலையையும் கடலையும் பார்க்க விரும்பினால் பெப்ரவரி, மார்ச் மாதங்களே நல்லவை. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு இரவே போதிய அளவு இருட்டாது. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி அதற்குக் கட்டாயம்.

மாமா அந்தப் படத்தைத் தன்னோடு பின்மார்க்கில் வேலை செய்த நால்வருக்கு அனுப்பினார். அவர்களில் இருவர், மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு, அதே வானில் இடம் எடுத்துத் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சப்பாத்து அளவுகளையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள்.